டயர் வாங்குவதற்கு முன்னால் ஆக்சிலைப் பார்

திருவொற்றியூர்

அன்புள்ள சேகர்,

ஒஹாயோவிலிருந்து நீ அனுப்பிய கடிதமும், பிக்கப்புக்குப் பின்னால் நீ இழுத்துப் போகிற இரட்டை ஆக்சில் கேம்பர் டிரெய்லரின் டயர் போட்டோக்களும் கிடைத்தன. முதலில் அம்மா சேதி. போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கண் ஆபரேஷனுக்கு அப்புறம் பார்வை நன்றாக இருக்கிறதாம். பேப்பரில் பொடி எழுத்தைக்கூடப் படித்துக் காட்டினார். காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறி உன் தங்கை வீட்டுக்குத் தனியாகவே போய்வருகிறார். "அவன் ஏதோ வீட்டையே வண்டிக்குப் பின்னால கட்டி இழுத்துக்கிட்டுப் போறானாமே, பத்திரமாப்பா?" என்று என்னிடம் கேட்டார். பத்திரமாகத்தான் போவான் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அதனால் இந்தக் கடிதத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் படி.

எந்தக் கம்பெனி டயர் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். அதையும் சொல்கிறேன். ஆனால் உன் வலது முன் டயர் போட்டோவைப் பார்த்ததிலிருந்து என் மனசு வேறு இடத்தில் நிற்கிறது. உள்பக்க ஓரத்தில் பட்டனே (ரோட்டைப் பிடிக்கிற ரப்பர் கட்டைகளே) இல்லை, மழமழவென்று இருக்கிறது. வெளிப்பக்கமோ புது டயர் மாதிரி. இந்த நிலையில் எவ்வளவு நல்ல டயர் வாங்கி மாட்டினாலும் அதுவும் இப்படியேதான் தேயும். காரணத்தைக் கண்டுபிடித்த பிறகு டயர் வாங்கு. நான் உனக்கு முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதுதான்.

எங்கள் கடைக்கு வருவதெல்லாம் கன்டெய்னர் டிரெய்லர்கள் என்று உனக்குத் தெரியும். காட்டுப்பள்ளி, எண்ணூர் துறைமுகங்களிலிருந்து வருகிறவை, சென்னைத் துறைமுகத்து ஜீரோ கேட் பக்கமிருந்து வருகிறவை, எல்லாம் மணலி சாலையைத் தொட்டுத்தான் போகின்றன. உன்னுடையது சின்ன வண்டி. ஆனாலும் இழுபட்டு வருகிற சக்கரத்தின் குணம் எங்கேயும் ஒன்றுதான். அதற்கு ஸ்டியரிங் கிடையாது, இன்ஜின் கிடையாது. அது கோணலாகத் தேய்ந்தால் காரணம் காற்று, சுமை, ஆக்சில், பேரிங், பிரேக் இவற்றுக்குள்ளேயே இருக்கும். செருப்பு தேய்ந்திருப்பதைப் பார்த்து ஆளின் நடையைச் சொல்வது மாதிரி, டயரைப் பார்த்து அடியில் என்ன கோளாறு என்று சொல்லிவிடலாம்.

இரண்டு ஓரமும் தேய்ந்து நடுப் பட்டன் நின்றால் காற்று குறைவு. நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். உன்னுடையது இரண்டுமே இல்லை. அதே ஆக்சிலின் இடது டயரை நீ எடுத்த போட்டோவில் உள்பக்கம் நிழலாக இருக்கிறது. விடை அங்கேதான் இருக்கிறது. கீழே படுத்து டார்ச் அடித்துப் பார். அதுவும் உள்பக்கம் தேய்ந்திருந்தால் சுமைதான் காரணம். இந்த மாதிரி டிரெய்லர்களின் ஆக்சில் குழாயை, நடுப்பகுதி லேசாக மேலே எழும்பி நிற்கிற மாதிரி வளைத்துத்தான் செய்கிறார்கள். பாரம் ஏறும்போது அந்த வளைவு அமுங்கி, சக்கரம் நேராக நிற்கும். அளவுக்கு மேல் பாரம் ஏற்றி ஓட்டினால் குழாய் நிரந்தரமாகத் தணிந்துவிடும். சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாயும். பிறகு ஓட்டுகிற ஒவ்வொரு மைலும் உள் ஓரத்தில்தான்.

வலது மட்டும் தேய்ந்திருந்தால் அந்தப் பக்க ஸ்பிண்டில், அதாவது சக்கரம் சுழல்கிற ஆக்சில் முனை, வளைந்திருக்கலாம். பனி உருகினதும் உங்கள் ஊர் ரோட்டில் பள்ளம் விழும் என்று முன்பு எழுதியிருந்தாயே, அப்படி ஒன்றில் வேகமாக இறங்கியிருந்தால் போதும். பிளாட்பார ஓரத்தில் சக்கரம் ஏறி இறங்கினாலும் நடக்கும்.

இன்னொரு சோதனை உண்டு, இதற்குச் செலவே கிடையாது. டயரின் குறுக்கே உள்ளங்கையை வைத்து, உள்ளிருந்து வெளியே ஒரு தடவை, வெளியிலிருந்து உள்ளே ஒரு தடவை இழுத்துப் பார். போன வாரம் இருபதடிப் பெட்டியோடு ஒரு வண்டி வந்தது. கண்ணுக்கு டயர் நன்றாகத்தான் இருந்தது. கையை உள்ளே தள்ளும்போது வழுக்கிக்கொண்டு போனது, திருப்பி இழுக்கும்போது ஒவ்வொரு பட்டன் விளிம்பும் ரம்பப் பல் மாதிரி விரலில் தட்டியது. சக்கரம் நேராக உருளாமல் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டே வந்திருக்கிறது. கீழே பார்த்தால் ஆக்சிலை ஸ்பிரிங்கோடு சேர்த்துப் பிடிக்கிற யூ போல்ட் லூசாகி, ஆக்சில் ஒரு பக்கம் பின்னால் நகர்ந்திருந்தது. ஸ்பிரிங் பட்டையில் அது நகர்ந்த இடம் பளபளவென்று தெரிந்தது. போல்ட்டை மாற்றி ஆக்சிலைப் பழைய இடத்தில் உட்கார வைத்ததும் சரியானது. டிரைவர் அதுவரை டயர் கம்பெனியைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்.

உன் வண்டியிலும் அதை அளந்துவிடலாம். முன்னால் கொக்கி மாட்டுகிற பந்தின் நடுவிலிருந்து முன் ஆக்சிலின் வலது முனைக்கும் இடது முனைக்கும் டேப் பிடி. இரண்டும் ஒரே அளவு வர வேண்டும். பிறகு முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே உள்ள தூரம் இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார். அப்படியே ஸ்பிரிங் பட்டையைத் தாங்குகிற ஷாக்கிள்களில் போல்ட்டைச் சுற்றி இருக்கிற புஷ்களையும் கவனி. பல வண்டிகளில் கம்பெனியிலேயே நைலான் புஷ்தான் போட்டு அனுப்புகிறார்கள், அது சீக்கிரம் தேய்ந்து போல்ட்டு இரும்பையே அறுக்க ஆரம்பிக்கும். கிரீஸ் ஏற்றக்கூடிய போல்ட்டும் வெண்கலப் புஷ்ஷும் கிடைக்கும், மாற்றிவிடு.

இடது பின் டயரில் திட்டுத் திட்டாகத் தேய்ந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். அது பேரிங்காக இருக்கலாம், இல்லையென்றால் பேலன்ஸ் பார்க்காமல் ஓட்டியதாக இருக்கலாம். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கு. ஜாக்கியை சேசிஸ் அடியில் வை, ஆக்சில் குழாயில் வைக்கவே வைக்காதே, அதுவே குழாயை வளைத்துவிடும். சக்கரத்தின் உச்சியிலும் அடியிலும் கை வைத்து ஆட்டிப் பார். கடகடவென்று ஆடினால் பேரிங். ஒரே ஒரு இடத்தில் மட்டும் தட்டையாகத் தேய்ந்திருந்தால் பிரேக் பிடித்துச் சக்கரம் சுழலாமல் இழுபட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்.

ஆக்சில் வளைந்திருப்பது உறுதியானால் டிரெய்லர் ஆக்சில் வேலை தெரிந்த கடைக்குப் போ. கேஸ் வைத்துச் சூடாக்கி நிமிர்த்துகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடு. சூடு பட்ட இரும்பு பலம் இழந்துவிடும். சூடாக்காமல் அழுத்தித்தான் நிமிர்த்த வேண்டும், முடியாவிட்டால் புது ஆக்சில்.

இனி சுமை. இங்கேதான் உன் வண்டியின் கதையே இருக்கிறது என்று நினைக்கிறேன். முழுச் சுமையோடு 7,000 பவுண்டு வரை போகலாம் என்று கம்பெனி ஸ்டிக்கரில் இருக்கிறது என்றாய். அதில் 10 முதல் 15 சதவீதம் கொக்கி வழியாக உன் பிக்கப் மேல் உட்காரும். மீதி சுமார் 6,000 பவுண்டு நாலு டயர் மேல், அதாவது டயருக்குச் சராசரி 1,500. இப்போது உன்னிடம் இருப்பது எஸ்டி 205/75 ஆர் 14, லோடு ரேஞ்ச் சி. எஸ்டி என்றால் டிரெய்லருக்கென்றே செய்த டயர், லோடு ரேஞ்ச் என்பது அது எவ்வளவு சுமை தாங்கும் என்று சொல்கிற தரம். அது 50 பிஎஸ்ஐ காற்றில் 1,760 பவுண்டு தாங்கும். கணக்கில் சரியாகத் தெரிகிறது. ஆனால் சராசரிப்படி எந்த வண்டியும் நிற்பதில்லை. ஃபிரிட்ஜ், அடுப்பு, சிங்க் எல்லாம் ஒரே பக்கம் இருந்தால் அந்தப் பக்கச் சக்கரம் எல்லையைத் தொட்டுவிடும். ஒரு கேலன் தண்ணீர் 8.34 பவுண்டு, 40 கேலன் தொட்டியை நிரப்பினால் 330 பவுண்டுக்கு மேல். போகிற இடத்தில் தண்ணீர் கிடைக்கும் என்றால் தொட்டியைக் காலியாக வைத்துக்கொண்டு போ.

இங்கே வே பிரிட்ஜுக்குப் போகாமல் எந்த லோடும் நகராது. அங்கே ட்ரக் ஸ்டாப்களில் கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற எடைமேடை இருக்கிறதே, ஊருக்குக் கிளம்புகிற அன்று எப்படி ஏற்றுவாயோ அப்படியே சாமான், தண்ணீர், சிலிண்டர் எல்லாவற்றோடும் போய் எடை போடு. ஒரு பக்கச் சக்கரங்களை மட்டும் ஏற்றிப் பார்க்க அனுமதிக்கிற எடைமேடை கிடைத்தால் இன்னும் நல்லது. எந்த டயர் என்று அந்தச் சீட்டுதான் முடிவு செய்யும்.

என் அபிப்பிராயம் கேட்டால், அதே அளவில் லோடு ரேஞ்ச் டி வாங்கு. 65 பிஎஸ்ஐயில் 2,040 பவுண்டு தாங்கும். ஆனால் இரண்டு விஷயம். டிஸ்க்கின், அதாவது டயர் மாட்டுகிற சக்கரத்தின், பின்பக்கம் அது தாங்குகிற எடையும் காற்றும் பொறித்திருக்கும், புது டயருக்கு அது ஈடு கொடுக்கிறதா என்று பார். சாதாரண ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐக்குத்தான் செய்தது. எல்லையிலேயே ஓட்டுவதற்குப் பதில் மெட்டல் வால்வு போடச் சொல். காற்றைக் காலையில், வெயில் படுவதற்கு முன், வண்டி நகர்வதற்கு முன் பார். ஓடிச் சூடான பிறகு காற்று கூடத்தான் காட்டும், அப்போது இறக்கிவிடாதே.

எஸ்டி என்ற எழுத்து உள்ள டயராகவே வாங்கு. கார் டயர் விலை குறைவு என்று யாராவது ஆசை காட்டுவார்கள். டிரெய்லர் வளையும்போது, அதுவும் உன்னுடையது மாதிரி இரட்டை ஆக்சில் வண்டியை ஒடித்து ரிவர்ஸ் எடுக்கும்போது, டயரின் பக்கச் சுவர் முறுக்கிக்கொள்ளும். குறுகலான யார்டில் கன்டெய்னர் வண்டி திரும்பும்போது பார்த்திருப்பாயே, அதே கதைதான். எஸ்டி டயரின் பக்கச் சுவர் அதற்காகவே விறைப்பாகச் செய்தது. திரும்பும்போது நீயும் கொஞ்சம் அகலமாகத் திரும்பு. டயரில் டாட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வருகிற எண்ணில் கடைசி நாலு இலக்கத்தைப் படி. 2319 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. கடைக்காரர் பழைய ஸ்டாக்கைத் தள்ளிவிடப் பார்த்தால் வேண்டாம் என்று சொல். உன் வண்டி மாதக்கணக்கில் நிற்கிற வண்டி. பட்டன் தேய்வதற்கு முன்னாலேயே ரப்பர் முதுமையடைந்து பக்கவாட்டில் வெடிப்பு விடும். ஐந்தாறு வருஷம் ஆனால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிடு. குளிர்காலத்தில் நிறுத்தும்போது டயருக்கு உறை போட்டு வை.

கம்பெனி என்று பார்த்தால் குட்இயர் எண்டூரன்ஸ் நல்ல தேர்வு. அதன் வேகக் குறியீடு ‘என்’ (N), மணிக்கு 87 மைல் வரை. அதற்காக வேகம் போகாதே. 65 மைலைத் தாண்டாமல் ஓட்டினால் டயர் சூடாகாது, சூடுதான் டிரெய்லர் டயரைக் கொல்கிறது. குட்இயர் உன் ஒஹாயோவில், ஆக்ரனில் 1898ல் ஆரம்பித்தது. நம் திருவொற்றியூரும் சும்மா இல்லை. 1946ல் இங்கே ஒரு கொட்டகையில் பலூன் செய்ய ஆரம்பித்த எம்ஆர்எஃப், 1952ல் டிரெட் ரப்பருக்கு (தேய்ந்த டயரைப் புதுப்பிக்கிற ரப்பருக்கு) வந்து, டயர் தொழிற்சாலை தொடங்கியபோது கைகோத்தது உங்கள் ஒஹாயோவின் மான்ஸ்ஃபீல்டு கம்பெனியோடுதான். ஷிஃப்ட் விடும் நேரத்தில் நாம் ஸ்கூலிலிருந்து வரும்போது நெடுஞ்சாலை முழுக்க ரப்பர் வாசனை வருமே, ஞாபகம் இருக்கிறதா?

டயரை மாட்டிய அன்றே வேலை முடிந்துவிட்டது என்று நினைக்காதே. 10 மைல் ஓடியதும் ஒரு தடவை, 25ல், 50ல் ஒவ்வொரு தடவை, சொன்ன அளவுக்கு இறுக்கிக் காட்டுகிற டார்க் ரென்ச் வைத்து நட்டை இறுக்கு. ஸ்பானரைக் காலால் மிதித்து டைட் செய்கிற வேலை வேண்டாம். ஸ்டெப்னியையும் சேர்த்தே மாற்று, ஐந்தாவது டயரைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

இப்போது நீ செய்ய வேண்டியது, நாலு டயரிலும் சாக்பீஸால் எந்த இடம் என்று எழுதி, உள் ஓரம், நடு, வெளி ஓரம் மூன்றையும் தனித்தனியாக வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அனுப்பு. எடைச் சீட்டையும் சேர்த்து அனுப்பு. பார்த்துவிட்டு எழுதுகிறேன், அதுவரை நீண்ட பயணம் எதுவும் வேண்டாம்.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல். மாசித் திருவிழாவுக்கு வர முடியுமா என்று அம்மா கேட்கச் சொன்னார்.

அன்புடன்,
குணா