நான்கு பேருக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் நலம். அங்கே நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது போனைத் திருப்பி என் அறையைக் காட்டினேன் அல்லவா, அப்போது நீ கேட்ட கேள்வியைச் சிரித்து மழுப்பிவிட்டேன். "இத்தனை சமையல் புத்தகம் வச்சிருக்கியேடா, இதுல எதைத்தான் சமைச்சே?" என்றாய். பக்கத்தில் அத்தான் சிரித்ததும் கேட்டது. போனை வைத்த பிறகு எனக்கே உறுத்தலாக இருந்தது. எழுந்து எண்ணிப் பார்த்தேன். 63 புத்தகங்கள். அதில் ஐந்தைப் பார்த்துத்தான் ஏதோ சமைத்திருக்கிறேன். எல்லாமாகப் பதினோரு ஐட்டம் தேறும். அந்தப் பதினொன்றில் ஒன்று முட்டை வேகவைப்பது. (மஞ்சள்கரு இளக்கமாக வேண்டுமானால் ஆறு நிமிடம், கெட்டியாக வேண்டுமானால் பத்து. இதற்கு ஒரு முழுப் பக்கம், படத்தோடு.)

இதையெல்லாம் போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ நடுவில் சிரிப்பாய், நான் பாதியில் விட்டுவிடுவேன். அதனால்தான் கடிதம்.

நான் வந்து இறங்கியது நல்ல குளிர்காலம். மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். வேலை தொடங்க இன்னும் மூன்று வாரம் இருந்தது. அறையில் ஹீட்டர் போட்டால் கரண்ட் பில் ஏறுமே என்று பயம். பொது நூலகத்தில் காசு கொடுக்காமல் கதகதப்பாக உட்காரலாம் என்று இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டேன். செய்தித்தாளை எடுத்தால் அதில் ஒரு பெயரும் தெரியாது, யார் யாரை எதற்காகத் திட்டுகிறார்கள் என்று புரியாது. நாவலை எடுத்தால் பத்தாம் பக்கத்திலேயே மூச்சு வாங்கும். சுற்றிச் சுற்றி வந்து 641.5 என்று எண் போட்ட அலமாரி முன்னால் நின்றேன். டூயி முறையில் அடுக்கும் நூலகம் எந்த நாட்டில் இருந்தாலும் சமையலுக்கு அந்த எண்தான். அங்கே இருந்த வாக்கியங்கள் எனக்குப் புரிந்தன. எடு. கழுவு. நறுக்கு. மூடி வை. பத்து நிமிடம் பொறு. பேச ஆளில்லாமல் நாள் முழுக்க வாயைத் திறக்காமலே கழிந்த காலம் அது. அந்தப் புத்தகம் மட்டும் அடுத்து என்ன செய்ய வேண்டுமென்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தது.

நூலகத்தில் பழையதைக் கழிக்கும்போது வாசலில் மேசை போட்டு விற்பார்கள். முதல் ஆறு புத்தகங்கள் அந்த மேசையில் வாங்கியவை. அப்புறம் கை நிற்கவில்லை.

என் ஆங்கிலத்தில் பாதி அந்தப் புத்தகங்கள் கொடுத்ததுதான். "சிம்மர்" என்ற ஒரு சொல்லுக்கு அரைப் பக்கம் விளக்கம் போட்டிருந்தது: ஓரத்தில் சின்னக் குமிழ் வரலாம், நடுவில் குமுறக் கூடாது என்று. அதைப் படித்தபோதுதான் நமக்கு எவ்வளவு தெரியும் என்பது உறைத்தது. தளதளவென்று கொதிப்பது வேறு, வற்றுவது வேறு, சுண்டுவது வேறு. நீ துணி காயப்போட்டுக்கொண்டே மாடியிலிருந்து "சுண்டிடுச்சான்னு பாருடா" என்று கத்துவாய். நான் போய்ச் சரியாகப் பார்த்துச் சொல்வேன். எனக்கு யாரும் உட்கார வைத்து விளக்கியதில்லை.

ஆனால் "ஃபோல்ட்" என்னைக் கவிழ்த்துவிட்டது. வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, அதை மாவில் ஃபோல்ட் செய் என்றிருந்தது. துணியை மடிப்பதற்குத்தான் அந்தச் சொல்லை நான் கேட்டிருக்கிறேன். கூழாக இருப்பதை எப்படி மடிப்பது? கொஞ்ச நேரம் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு, கலக்கத்தான் சொல்கிறார்கள் போலிருக்கிறது என்று கரண்டியை விட்டு நன்றாகக் கடைந்தேன். கை வலிக்க வலிக்க அடித்து எழுப்பிய நுரை அரை நிமிடத்தில் அடங்கிப்போயிற்று. வெளியே வந்த கேக்கைச் செருப்புக்கு அடிப்பாகமாகத் தைக்கலாம். அடியிலிருந்து அள்ளி மேலே கவிழ்த்து, காற்று போகாமல் பதமாகச் சேர்ப்பதற்குத்தான் அந்தப் பெயராம்.

இரண்டாவது கேக் அதைவிடக் கேவலம். டீஸ்பூனுக்கும் டேபிள்ஸ்பூனுக்கும் சுருக்கி எழுதும்போது ஓரெழுத்துதான் வித்தியாசம். ஒன்று 5 மி.லி., மற்றது 15. சோடா உப்பு மூன்று மடங்கு விழுந்துவிட்டது. கேக் கிடுகிடுவென்று எழும்பி, தகரத்தைத் தாண்டி, ஓவன் தரையில் வழிந்து கருகியது. கூரையிலிருந்த புகை அலாரம் அலறிய அலறலில் மாடி வீட்டுக்காரர் காலுறையோடு ஓடி வந்தார். ஒன்றும் பேசாமல் என் கையிலிருந்த துண்டைப் பிடுங்கி அலாரத்துக்குக் கீழே வீசிவீசிப் புகையை விரட்டினார். அவரோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டது அப்படித்தான். இப்போதும் படியில் பார்த்தால் முதலில் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டுத்தான் வணக்கம் சொல்கிறார்.

அந்த அளவுக் குழப்பம் என்னை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று. கப் என்று எல்லோரும் எழுதுகிறார்கள், எந்தக் கப்? அமெரிக்கக் கப் சுமார் 237 மி.லி. ஆஸ்திரேலியாவில் 250. ஜப்பானில் 200. அதற்கும் முன்னால் "முட்டை அளவு வெண்ணெய்" என்று எழுதிவந்தார்களாம். 1896-இல் பாஸ்டனில் ஃபேனி ஃபார்மர் என்ற பெண்மணிதான், கரண்டியைக் குவித்து அள்ளாதே, கத்தியால் மேலே வழித்துத் தட்டையாக்கு என்று கறாராகச் சொல்லிச் சமையல் புத்தகம் போட்டவர். உன்னைப் போலக் கண் அளவில் போடுகிறவர்களுக்கு அவரைக் கண்டால் ஆகாது. எனக்கு அவர் குலதெய்வம்.

இன்னொருத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1861-இல் லண்டனில் வெளிவந்த குடும்ப நிர்வாகப் புத்தகம் ஒன்று, ஆயிரம் பக்கத்துக்கு மேல். எழுதியவர் பெயர் இசபெல்லா பீட்டன். அட்டைக்குப் பின்னால் ஒரு பழுத்த மாமி இருப்பார் என்றுதான் நினைத்திருந்தேன். பார்த்தால், புத்தகம் வந்தபோது அவருக்கு வயது 25. அவர் பெரிய சமையல்காரியும் இல்லை. வாசகர்கள் அனுப்பியவை, மற்றவர்கள் ஏற்கெனவே அச்சிட்டவை என்று சேர்த்துத் தொகுத்தவர். 28 வயதில் பிரசவத்தை ஒட்டி இறந்துவிட்டார். அதைப் படித்த இரவு எனக்கு ஒரு பக்கம் பாவமாகவும் இன்னொரு பக்கம் ஆறுதலாகவும் இருந்தது. எழுதியவரே அப்படியென்றால், வாங்கி வைத்திருக்கிற என்னை யார் கேட்பது?

இதைவிடப் பழைய கதையும் உண்டு. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் நான்கு களிமண் பலகைகள் இருக்கின்றன. பாபிலோனியாவைச் சேர்ந்தவை. அதில் மூன்று சுமார் 3,700 ஆண்டுகளுக்கு முன்னால் எழுதப்பட்டவை. அவை சமையல் குறிப்புகள் என்பதே தெரியாமல், மருந்துக் குறிப்புகள் என்று வெகுகாலம் நினைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் எழுத்தர்கள்தான். அடுப்பில் நின்றவனுக்குப் படிக்கத் தெரிந்திருக்க வாய்ப்பே குறைவு. பார்த்தாயா அக்கா, சமைக்காதவன் சமையல் குறிப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது இன்று நேற்று வந்த வியாதி இல்லை. இதை அத்தானிடம் சத்தமாகப் படித்துக் காட்டு.

சரி, ஏன் சமைப்பதில்லை என்றுதானே கேட்டாய். வேலை முடிந்து வர ஒன்பது ஆகிவிடுகிறது, அது ஒரு காரணம். புத்தகங்கள் புளுகுவது இன்னொன்று. வெங்காயம் பொன்னிறமாக வதங்க ஐந்து நிமிடம் என்று துணிந்து அச்சிடுகிறார்கள். நான் கடிகாரம் வைத்துப் பார்த்தேன், உண்மையான பொன்னிறத்துக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. "ஒரே பாத்திரத்தில் சமைக்கலாம்" என்று அட்டையில் போட்டிருந்த புத்தகத்தை நம்பி இறங்கியபோது கழுவுவதற்கு ஒன்பது பாத்திரம் விழுந்தது.

ஆனால் இதெல்லாம் சாக்கு. உண்மையான தடங்கல் குறிப்பின் தலைப்புக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் ஒரு வரி. நான்கு பேருக்கு. எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் நான்கு பேருக்கு, போனால் போகிறதென்று சிலதில் ஆறு பேருக்கு. ஒருவனுக்கு என்று யாரும் எழுதுவதில்லை. ஒருமுறை வீம்பாக நாலால் வகுத்தேன். எல்லாம் வகுபட்டது, ஒரு முட்டை மட்டும் வகுபடவில்லை. ஓடு நீக்கினால் சுமார் 50 கிராம். அடித்துக் கலக்கி, தராசில் வைத்து, 12 கிராம் மட்டும் ஊற்றினேன். மிச்ச முக்கால் முட்டை ஒரு டம்ளரில் இரண்டு நாள் ஃபிரிட்ஜுக்குள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்றைக்குப் பிறகு வகுப்பதை விட்டுவிட்டேன். படிப்பதோடு சரி. ராத்திரி சாப்பிட்டுவிட்டு, படுக்கும் முன் ஒரு புத்தகத்தை எடுத்து, அந்த நான்கு பேருக்கும் ஆக்குகிறவர் கூடவே போவேன். அடுப்பைப் பற்ற வைக்கிறார், பாத்திரத்தை இறக்குகிறார், ஆறவிடுகிறார். பரிமாறும் இடம் வரும்போது பெரும்பாலும் தூங்கிப்போயிருப்பேன்.

சாப்பிட்டுவிட்டு என்கிறேனே, அது என்ன சாப்பாடு என்று நீ கேட்பாய். நீ போனில் சொல்லிக்கொடுத்த அதே மூன்றுதான், மாற்றி மாற்றி. "எண்ணெய் காய்ஞ்சதும் போடு" என்றாய். காய்ந்தது எப்படித் தெரியும் என்று கேட்டேன். "வாசனை வரும்டா, மூக்கு எங்கே போச்சு?" என்றாய். 63 புத்தகத்தையும் புரட்டிவிட்டேன், மூக்கைப் பற்றி இவ்வளவு தெளிவாக ஒருவரும் எழுதவில்லை.

இருப்பதிலேயே எனக்குப் பிடித்த புத்தகத்தைப் பற்றிச் சொல்கிறேன். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு வாசலில் அட்டைப்பெட்டி வைத்து, வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தது. வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். பெட்டிக்கு அடியில் முதுகுத் துணி கிழிந்த ஒரு சமையல் புத்தகம். பழைய சமையல் புத்தகத்தைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது: முதுகு கீழே இருக்கும்படி மேசையில் நிறுத்திக் கையை எடுத்துவிட வேண்டும். அதிகம் சமைத்த பக்கத்தில் தானாக விரிந்துகொள்ளும். இது 112-ஆம் பக்கத்தில் விரிந்தது. பக்கம் முழுக்க எண்ணெய்க் கறை, கண்ணாடித்தாள் மாதிரி பின்பக்க எழுத்து தெரிகிறது. ஓரத்தில் பென்சில் குறிப்பு. மேலே, அழுத்தமான எழுத்தில்: "8 பேர். இரட்டிப்பாக்கினேன்." அதற்குக் கீழே: "6 பேர். உப்பு குறைக்க." அப்புறம் "அளவு சரியாக இருந்தது" என்று மட்டும். பிறகு அதே கையெழுத்து, கொஞ்சம் நடுக்கத்தோடு: "பாதி போதும்." கடைசியாக, பக்கத்தின் அடியில், மெல்லிய கோடாக: "கால் பங்கு." பக்கத்தில் முட்டை என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டமும் கேள்விக்குறியும்.

முட்டையை என்ன செய்தார் என்று எழுதவில்லை.

என் மற்றப் புத்தகங்களையும் அதேபோல நிறுத்திப் பார்த்தேன். பாதி விரியவே இல்லை, புதுக்கருக்கு அழியாமல் விறைப்பாக நின்றன. மீதி முன்னுரையில் விரிந்தன.

ஜூன் மாதம் வீடு மாற்ற வேண்டியிருக்கும். வாடகை ஏற்றுகிறார்கள். லாரிக்காரர் எடை கேட்டார் என்று குளியலறைத் தராசில் நான் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி, பிறகு என் எடையைக் கழித்து, எல்லாவற்றையும் நிறுத்தேன். புத்தகம் 74 கிலோ, நான் 66. பாதியையாவது கொடுத்துவிடு என்று நீ சொல்வாய். சனிக்கிழமை உட்கார்ந்து பிரித்தேன். வைத்துக்கொள்வது ஒரு பக்கம், கொடுப்பது ஒரு பக்கம். சாயங்காலம் கொடுக்கும் பக்கத்தில் இரண்டு இருந்தன. ராத்திரி அதில் ஒன்றை எடுத்துப் படித்துக்கொண்டே தூங்கிவிட்டேன்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். நீ வீடியோவில் பார்த்தது அலமாரியை மட்டும்தான். பெரிய சைஸ் புத்தகங்கள் அதில் நுழையவில்லை. அந்தச் சோடா உப்பு விவகாரத்துக்குப் பிறகு ஓவன் சும்மாதான் இருந்தது, தேய்த்துக் கழுவி இரண்டு தட்டிலும் ஏழு புத்தகங்களை அடுக்கி வைத்திருக்கிறேன். அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்திருக்கின்றன. வருகிற புதன்கிழமை வீட்டுக்காரர் எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வருகிறாராம். அதற்குள் அவற்றை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ள வேண்டும். புதன்கிழமை காலையில் மறக்காமல் எனக்கு ஒரு போன் போடு.

பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
தம்பி