கேட்டுக்கு அந்தப் பக்கமே மறுபடியுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மதுரைக்குத் தெற்கே, நாலுவழிச்சாலைக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் கிடக்கிற ஊர்களில் எங்கள் ஊரும் ஒன்று. எங்கள் பகுதிக்குப் புதிதாகத் தீயணைப்பு நிலையமும் 108 நிற்க ஒரு இடமும் வரப்போகிறது என்று போன மாதம் சர்வேயரும் வி.ஏ.ஓ.வும் வந்து அளந்துவிட்டுப் போனார்கள். சந்தோஷம்தான். ஆனால் அளந்தது ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், கண்மாய்க்கரையை ஒட்டின புறம்போக்கை. ஏன் அங்கே என்று கேட்டால், "அதுதான் சும்மா கிடக்கு, தகராறு பண்ண ஆள் இல்ல" என்றார் வந்தவர்களில் ஒருவர்.

மூன்று வருடத்துக்கு முன்னால், தையில் அறுப்பு முடிந்த சமயம், எங்கள் தெருவில் வைக்கோல் படப்பு பற்றிக்கொண்டது. போன் போட்டதும் வண்டி கிளம்பிவிட்டது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேட் மூடியிருந்தது. இரட்டைப் பாதை ஆனபிறகு ஒரு வண்டி போனதும் திறப்பார்கள் என்று நம்ப முடியாது, எதிர் வண்டிக்கும் சேர்த்து நிற்க வேண்டும். மாடியில் நின்று பார்த்தால் சிவப்பு வண்டியின் விளக்கு கேட்டுக்கு அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, இங்கே நாங்கள் குடத்தில் மோந்து ஊற்றிக்கொண்டிருக்கிறோம். அது வந்து சேர்வதற்குள் படப்பு முடிந்து மாட்டுக்கொட்டத்துக் கூரையும் போய்விட்டது. கன்றுக்குட்டியைக் கயிற்றை அறுத்துத்தான் வெளியே இழுத்தோம். நிலையம் எட்டு கிலோமீட்டர்தான். கேட் மூடியிருந்தாலும் காகிதத்தில் அது எட்டு கிலோமீட்டர்தான்.

அந்தப் பழைய நிலையமும் கேட்டுக்கு அந்தப் பக்கம்தானே இருக்கிறது? அந்தப் பக்கத்து ஊர்களுக்கு ஏற்கெனவே தடையில்லாமல் வண்டி போகிறது. புதியதையும் அங்கேயே வைத்தால் யாருக்கு லாபம்? போதாததற்கு அது கரிசல் மண். வண்டியில் 4,500 லிட்டர் ஏற்றினால் தண்ணீர் மட்டுமே நாலரை டன், ஐப்பசி மழையில் அந்தப் பாதையில் டிராக்டரே திணறும்.

இதற்கென்றே கணக்கு இருக்கிறதாம், இன்ஜினியரிங் படிக்கிற என் தம்பி மகள் சொன்னாள். இத்தனை நிமிடத்துக்குள் எல்லா ஊரையும் எட்ட வேண்டும், அதற்குக் குறைந்தது எத்தனை நிலையம், எங்கெங்கே என்று 1971லேயே அமெரிக்காவில் தொரேகாஸ் என்பவரும் கூட்டாளிகளும் போட்டிருக்கிறார்கள். அவ்வளவுக்குப் பணம் இல்லையென்றால் கட்ட முடிகிற சில நிலையங்களை எங்கெங்கே வைத்தால் அந்த நேரத்துக்குள் அதிகம் பேரை எட்டலாம் என்று 1974ல் இன்னொரு கணக்கு. இந்த இரண்டாவதில்தான் எங்களை மாதிரி சின்ன ஊர்கள் அடிபட்டுப்போகும், ஓட்டு எண்ணுகிற மாதிரிதான். எதுவாக இருந்தாலும் சரி, இரண்டிலுமே முதலில் கேட்பது எவ்வளவு நேரத்தில் போய்ச் சேரலாம் என்பதைத்தான், எந்தப் புறம்போக்கு காலி என்பதை அல்ல.

அப்புறம், இரண்டையும் ஒரே இடத்தில் வைப்பானேன்? தீயணைப்பு வண்டிக்குத் தண்ணீர் வேண்டும், கொட்டகை வேண்டும், வந்து சேர்ந்தால் பாதி வேலை முடிந்தது. 108 அப்படியில்லை, வந்து, ஆளை ஏற்றி, கோரிப்பாளையம் பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் போக வேண்டும், அதாவது வைகையையும் தாண்ட வேண்டும். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு அது என்ன பாடு என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதே சமயம் 108க்குக் கட்டடமே தேவையில்லை, நாலுவழிச்சாலை ஓரத்தில் ஒரு வேப்பமர நிழலும் கழிப்பறையும் போதும். பகலில் ஒரு இடம், ராத்திரியில் விபத்து அதிகம் நடக்கிற இன்னொரு இடம் என்று மாற்றி நிறுத்தலாம். சாலையில் எதிர்ப்பக்கம் திரும்ப எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் பக்கம் நாலுவழிச்சாலையிலிருந்து இறங்குகிற இடத்தில் பஞ்சாயத்துக்குச் சொந்தமான பழைய களம் ஒன்று இருக்கிறது. கொஞ்சம் சின்னது, ஒரு ஓரத்தில் ஆக்கிரமிப்பும் உண்டு, ஆக்கிரமித்திருப்பவர் எனக்கே சொந்தக்காரர். அதை அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானமாக வைக்கப்போகிறோம். அதற்குள் அதிகாரிகள் ஒரு நாள் காலை எட்டரைக்கு, பள்ளி வேன்கள் வரிசையாக நிற்கிற நேரத்தில், கேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து எங்கள் ஊருக்கு ஜீப்பிலேயே வந்து பார்க்கட்டும். எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தாலும் டீ வாங்கிக் கொடுக்க நாங்கள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
மதுரை மாவட்டம்.