கடலோர மனை: மாசியில் ஒன்று, மார்கழியில் வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிற்றுக்கிழமை விளம்பரப் பக்கங்களில் கிழக்குக் கடற்கரைச் சாலையோர மனைகள் ஆண்டுக்கு ஆண்டு பெருகி வருவதையும், அவற்றுள் பல "ஓய்வுக்கால வாழ்க்கைக்கு ஏற்றது" என்று என்போன்ற ஓய்வூதியர்களையே குறிவைத்து அழைப்பதையும் வாசகர்கள் கவனித்திருப்பார்கள். அப்படியோர் அழைப்பை நம்பி, புதுச்சேரிக்கு வடக்கே, மரக்காணத்துக்கும் காலாப்பட்டுக்கும் இடையே ஒரு மனையை வாங்கும் தறுவாய்வரை போய்த் திரும்பியவன் என்ற முறையில், அந்த விளம்பரங்களில் இடம்பெறாத சில விவரங்களைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

ஈரோடு மாவட்டத்தில் ஆசிரியராகப் பணியாற்றி, தலைமை ஆசிரியராக ஓய்வு பெற்றவன் நான். காவிரிக் கரையில் பிறந்து வளர்ந்த எனக்குக் கடல் என்பது எட்டாம் வகுப்புச் சுற்றுலாவில் மாமல்லபுரத்தில் ஒரு மாலை பார்த்த காட்சியாகவே நெடுங்காலம் இருந்தது. ஆகவே 2024-ஆம் ஆண்டு மாசி மாதத்தில், தரகர் ஏற்பாடு செய்த வேனில் பன்னிரண்டு பேருடன் சென்று இறங்கியபோது, சவுக்குத் தோப்பின் ஊடே வந்த காற்றும், வரிசையாக நட்டு மஞ்சள் பூசிய மனைக்கற்களும், கட்டுச்சோற்றுப் பொட்டலமும் சேர்ந்து என் நிதானத்தைக் குலைத்துவிட்டன என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2,400 சதுர அடி மனை ஒன்றுக்கு அன்றே 25,000 ரூபாய் முன்பணம் கொடுத்தேன். அந்தப் பணம் இன்றுவரை திரும்பி வரவில்லை, அது தனிக்கதை.

அதே ஆண்டு நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்ததும், புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியதும் அனைவரும் அறிந்தவை. இரண்டு வாரம் கழித்து, மார்கழித் தொடக்கத்தில், தரகரிடம் சொல்லாமல் நானும் என் மனைவியும் பேருந்திலேயே அந்த இடத்துக்குச் சென்றோம். மழை விட்டுப் பல நாட்களாகியும் மனைக்கற்களின் தலைகள் மட்டுமே தண்ணீருக்கு மேலே தெரிந்தன. பூசை அறைக்கென்று நாங்கள் மனத்துக்குள் ஒதுக்கி வைத்திருந்த ஈசானிய மூலையில் இரண்டு கொக்குகள் நின்றுகொண்டிருந்தன. என் மனைவி வெகுநேரம் பார்த்துவிட்டு, "அதுங்க நமக்கு முந்தியே குடி வந்துருச்சுங்க" என்றார்.

இதற்குக் காரணம் தேட அந்த ஊரின் நில அமைப்பைப் பார்த்தாலே போதும். கிழக்கே கடலோர மணல்மேடு. மேற்கே, 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலி ஏரியும் அதை ஒட்டிய உப்பங்கழியும் உப்பளங்களும். இரண்டுக்கும் நடுவே உள்ள தாழ்நிலம், வடகிழக்குப் பருவமழையின்போது தண்ணீர் நின்று வடிவதற்கென்றே இயற்கை விட்டுவைத்த இடமாகும். ஆண்டில் எட்டு மாதம் காய்ந்து கிடப்பதால் அது மேட்டு நிலம்போலத் தோன்றுகிறது. மனை காட்டும் வேன்கள் பெரும்பாலும் தை, மாசி, பங்குனியிலேயே புறப்படுவது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பார்க்காத கடலோர மனையை ஒருவர் பார்த்ததாகவே சொல்லக்கூடாது என்பது என் கருத்து.

அடுத்தது தண்ணீர். முதுமையில் குடியேற நினைப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியதும், பெரும்பாலும் கடைசியில் கேட்பதும் இதைத்தான். கடலோர மணலில் மழைநீர், தன்னைவிடக் கனமான உப்புநீரின்மேல் மிதந்தபடிதான் நிற்கிறது. நிலநீரியல் கணக்கின்படி, கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல நீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி வரை நல்ல நீர் இருக்கும். மோட்டார் வைத்து இறைத்து மேல்மட்டத்தை ஓர் அடி இறக்கினால், கீழிருந்து உப்புநீர் அதே விகிதத்தில் மேலேறி வரும். அதனால்தான் கடலோரக் குப்பங்களில் ஆழமில்லாத உறைகிணறுகளில் வாளியால் சேந்திய நீர் தலைமுறைகளாக இனித்தது. அதன் அருகிலேயே ஆழ்துளைக் கிணறு போட்டவர்களுக்குச் சில ஆண்டுகளில் கரிக்கத் தொடங்கியது. கடலோர ஒழுங்குமுறை மண்டலம் குறித்த மத்திய அரசின் 2011-ஆம் ஆண்டு அறிவிக்கை, உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் ஏற்றத்தின்போது அலை எட்டும் எல்லையிலிருந்து) 200 மீட்டர் முதல் 500 மீட்டர் வரையுள்ள பகுதியில், வேறு நீர் ஆதாரம் இல்லாதபோது மட்டும், சாதாரணக் கிணற்றிலிருந்து கையால் நீர் எடுப்பதையே அனுமதிப்பதாகக் கூறியது. எனக்குக் கொடுத்த வண்ணத் துண்டறிக்கையிலோ "மனைதோறும் போர்வெல் வசதி" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்.

அந்த மனைப்பிரிவுக்குப் பக்கத்தில் ஆறு ஆண்டுகளாக வீடு கட்டிக் குடியிருக்கும், சென்னையிலிருந்து வந்த ஓய்வூதியர் ஒருவர் எங்களை உள்ளே அழைத்துத் தேநீர் கொடுத்தார். தேநீர் நன்றாகவே இருந்தது. அது கேன் தண்ணீரில் போட்டது என்றார். நீரில் கரைந்துள்ள உப்புகளை அளக்க நான் கையோடு கொண்டு போயிருந்த டி.டி.எஸ். மீட்டரை அவர் வீட்டுக் குழாய்த் தண்ணீரில் வைத்தபோது 2,600 காட்டியது. குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு நீரே இல்லையென்றால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது விதி. பிறகு அவர் கூடத்து ஜன்னலருகே சென்று கம்பியை விரல் நகத்தால் தட்டினார். பெயிண்டோடு சேர்ந்து துரு ஏடு ஏடாக உதிர்ந்தது. இது இரண்டாவது முறை மாற்றிய கம்பி என்றும், மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி, கேட்டின் கீல் என எதுவும் மூன்று நான்கு ஆண்டுக்கு மேல் தாங்குவதில்லை என்றும் அவர் சொன்னார். கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்பையும் உப்புக்காற்று விடுவதில்லை. எனவே ஈரோட்டில் ஒரு வீட்டுக்குக் கணக்கிடும் பராமரிப்புச் செலவை வைத்துக் கடலோரத்தில் ஓய்வூதியக் கணக்குப் போடுவது தவறாகிவிடும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, மனைக்கு அங்கீகாரம் உண்டா என்ற கேள்வியோடு பலரும் நின்றுவிடுகிறார்கள். வில்லங்கச் சான்றையும் தாய்ப்பத்திரத்தையும் புல வரைபடத்தையும் பார்க்கவும், புறம்போக்கோ கோயில் நிலமோ பஞ்சமி நிலமோ அல்ல என்று உறுதி செய்யவும் எல்லோரும் சொல்லித் தருகிறார்கள். 1975 முதலான வில்லங்க விவரங்களைப் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே காணலாம். ஆனால் இவையெல்லாம் சரியாக இருந்தும் கடலோர மனையில் வீடு கட்ட முடியாமல் போகலாம். கடலோர ஒழுங்குமுறை மண்டலம் குறித்த 2019-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி ஊரகக் கடற்கரையில் மக்கள் அடர்த்தி மிகுந்த இடங்களில் உயர் அலைக் கோட்டிலிருந்து 50 மீட்டரும், மற்ற இடங்களில் 200 மீட்டரும் கட்டுமானம் கூடாத பகுதி. அதற்கு அப்பால் 500 மீட்டர் வரை வீடு கட்டும் அனுமதி, மீனவ ஊர்கள் போன்றவற்றின் மரபுரிமையோடும் வழக்கத்தோடும் பிணைக்கப்பட்டிருக்கிறது. உயரமும் 9 மீட்டருக்கு, அதாவது தரைத்தளமும் ஒரு மாடியும் என்ற அளவுக்கு, மேற்படக் கூடாது. கொங்கு நாட்டிலிருந்து போகும் எனக்கு அங்கே என்ன மரபுரிமை இருக்க முடியும்? கடலை மட்டும் அளந்துவிட்டு, அலையேற்றம் வந்துபோகும் கழிகளுக்கும் இதே போன்ற எல்லை உண்டு என்பதை மறப்பவர்களும் உண்டு. என் மனை கடலிலிருந்து 600 மீட்டருக்கு அப்பால் இருந்தது. கழியின் கரையிலிருந்து எத்தனை மீட்டர் என்று கேட்டபோது தரகர் பேச்சை மாற்றினார்.

இந்த உயர் அலைக் கோடும் நிலையாக நிற்பதன்று. நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்துகொண்டே இருப்பதால், இடையில் கல் போட்டு மறித்தால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை கரையும். 1980-களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டிய பின் நகரின் மணற்கரை மறைந்ததும், அரிப்பு வடக்கே பொம்மையார்பாளையம், பிள்ளைச்சாவடி வரை பரவியதும் கண்கூடு. 1990 முதல் 2018 வரையிலான கரையோர மாற்றங்களை ஆராய்ந்த தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம், தமிழகக் கரையில் 40 விழுக்காட்டுக்கும் மேல் அரிப்புக்கு உள்ளாகியிருப்பதாகக் கணக்கிட்டுள்ளது. மீன் கூடையோடு பேருந்துக்குக் காத்திருந்த ஒரு மூதாட்டி, கருங்கற்கள் கொட்டிய இடத்தைக் காட்டி, "அந்தக் கல்லுக்கு அந்தாண்ட மூணு தெரு இருந்திச்சு ஐயா" என்றார். பட்டாவில் பரப்பு குறையாது, மண்தான் குறையும்.

மருத்துவ வசதியைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. மரக்காணத்திலிருந்து புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு 30 கி.மீ.க்கும் மேல். சாதாரண நாளில் அது பெரிய தொலைவில்லைதான். ஆனால் மரங்கள் சாய்ந்து மின்சாரமும் கைப்பேசியும் செயலிழக்கும் புயல் இரவிலும் அதே தொலைவைத்தான் கடக்க வேண்டும், அதுவும் எழுபது வயதில்.

இவ்வளவும் எழுதுவதால் கடற்கரையில் யாரும் வாழக்கூடாது என்று நான் வாதிடுவதாகக் கொள்ள வேண்டாம். மேட்டு நிலமும் நல்ல கிணறும் அக்கம்பக்கமும் அமைந்த கடலோர ஊர்கள் நம்மிடம் நிறையவே இருக்கின்றன. என் கோரிக்கை தங்களிடம்தான். கடலோர மனை விளம்பரங்களை ஏற்கும்போது, சர்வே எண், உயர் அலைக் கோட்டிலிருந்தும் அருகிலுள்ள கழியிலிருந்தும் மனைக்கு உள்ள தொலைவு, கிணற்று நீரின் உப்பு அளவு, ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டும் என்று தங்கள் விளம்பரப் பிரிவு ஒரு நிபந்தனை விதித்தால், அது சில வரிகளே கூடுதல் இடம் பிடிக்கும். பணிக்கொடைப் பணத்தை ஒரே மனையில் போடும் ஒருவருக்கு அந்த வரிகள், தென்னை மரமும் ஊஞ்சலும் வரைந்த முழுப்பக்க வண்ணப் படத்தைவிடப் பயன்படும்.

நாங்கள் வாங்கும் எண்ணத்தை இப்போதைக்கு ஒத்தி வைத்திருக்கிறோம். வரும் ஐப்பசி முதல் தை வரை அந்தப் பகுதியிலேயே ஒரு சிறு வீட்டை வாடகைக்கு எடுத்து இருந்து பார்க்க முடிவு செய்து, குப்பத்துக்கு மேற்கே மேட்டில் உள்ள ஓட்டு வீடு ஒன்றுக்கு முன்பணமும் கொடுத்துவிட்டோம். இந்த முறை ரசீது வாங்கிக்கொண்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர்,
ஈரோடு மாவட்டம்.