பட்டறை தெரிந்தவர்கள் அந்த நாற்காலிக்கும் வர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்தால் 'அடுத்து என்ன படிக்கலாம்' என்று பக்கம் பக்கமாகப் போடுகிறீர்கள், நல்ல விஷயம். ஆனால் ஐ.டி.ஐ.யில் என்ன சொல்லித்தருவது, பட்டறைக்கு எத்தனை மணி நேரம், பரீட்சை எப்போது என்றெல்லாம் முடிவு செய்கிறார்களே, அந்த வேலைக்கு எப்படிப் போவது என்று நான் பார்த்தவரை யாரும் எழுதவில்லை.

நான் ஐ.டி.ஐ.யில் பிட்டர் பிரிவுக்குப் பல வருடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். முதல் சில மாதம் பையன்களுக்கு ராவுகிற வேலைதான். வைஸில் இரும்புத் துண்டைப் பிடித்து அரத்தால் ராவி, மூலைமட்டத்தை ஒட்டவைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பான், மயிரிழை வெளிச்சம் கசிந்தாலும் மறுபடி ராவ வேண்டும். அதற்கு எத்தனை வாரம் பிடிக்கும் என்பது பக்கத்தில் நின்றால்தான் தெரியும்.

தேவனாம்பட்டினத்துப் பையன் ஒருவன், அப்படி ஒரு கைச்சுத்தம். ஏப்ரல் 15-ல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் ஒருநாள்கூட லீவு போடவில்லை. ஜூன் நடுவில் தடை முடிந்ததும் அப்பாவோடு போட்டில் ஏறிவிட்டான், வீட்டில் கடன் அப்படி. வருகை குறைந்து பரீட்சை எழுத முடியாமல் போய், அறிக்கையில் 'இடைநின்றவர்' கணக்கில் சேர்ந்துவிட்டான். கடலோர ஐ.டி.ஐ.க்கு அட்டவணையைக் கொஞ்சம் மாற்றக் கூடாதா என்று மேலே எழுதிப் போட்டேன். பதில் வரவே இல்லை. தடைக்காலம் முடிந்த மறுநாள் துறைமுகம் எப்படி இருக்கும் என்று பார்த்தவர் ஒருவர் அங்கே இருந்திருந்தால் அந்தக் கடிதத்தைப் படித்திருப்பார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

பாடமும் அட்டவணையும் முடிவு செய்கிற இந்த வேலை நடக்கும் இடங்கள் பல. பாடத்திட்டம் கொல்கத்தாவில் உள்ள மத்திய நிறுவனத்தில் தயாராகிறது. புத்தகம் சென்னை கிண்டியில் உள்ள, ஐ.டி.ஐ. பாடநூல் தயாரிக்கும் 'நிமி' என்ற மத்திய நிறுவனத்திலிருந்து தமிழிலும் வருகிறது. தொழிற்பயிற்சியின் தரத்தைக் கவனிக்க 2018-ல் தேசிய அளவில் தனிக் கவுன்சிலே அமைத்தார்கள், மாநிலத்தில் திறன் மேம்பாட்டுக் கழகம் இருக்கிறது. ஐ.டி.ஐ. முடித்தவன் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம், அப்புறம் பட்டம், அதற்குமேல் பொருளாதாரமோ பொதுக் கொள்கையோ படிக்கலாம். புள்ளியியலும் 1961-ம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டமும் தெரிந்திருந்தால் நல்லது. கொஞ்சம் நீண்ட வழிதான், ஆனால் பட்டறையில் இருந்த இரண்டு வருடம் அங்கே பெரிய பலம்.

அடுத்த முறை அரைப் பக்கமாவது இதற்கு ஒதுக்குங்கள். எழுத ஆள் இல்லையென்றால் நானே எழுதித் தருகிறேன், முதுநகர்ப் பையனுக்கும் புரிகிற மாதிரி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பயிற்சி அலுவலர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.