துறைத்தலைவர் பதவி பற்றி அப்பா எழுதுவது

சுங்கை சிப்புட்

அன்பு மகளுக்கு,

கணிதத் துறைத்தலைவர் பதவிக்கு உன்னைக் கேட்கிறார்களாம், நீ வேண்டாம் என்று சொல்லப் போகிறாயாம், அம்மா சொன்னாள். நிர்வாகத்துக்குப் போனால் கணக்கு செத்துப்போகும் என்றாயாமே. வாட்சப்பில் பேசி முடிகிற விஷயமா இது, பொறுமையாகப் படி மா.

ஜான் கெமனி என்று ஒருவர் இருந்தார். சின்னப் பிள்ளையில் 10 பிரிண்ட், 20 கோ டு 10 என்று தட்டி உன் பேரைத் திரை முழுக்க ஓடவிட்டாயே, அந்த பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியை 1964இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் தாமஸ் கர்ட்ஸோடு சேர்ந்து உருவாக்கியவர். புடாபெஸ்ட்டில் பிறந்த யூதப் பிள்ளை, 1940இல் குடும்பத்தோடு அமெரிக்கா போய், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே ஐன்ஸ்டைனுக்குக் கணித உதவியாளர். பேசிக் வந்தபோது அவர்தான் கணிதத் துறைத்தலைவர். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டருக்கான நிரலை அட்டைகளில் துளைகளாகப் பதித்துக் கொடுத்துவிட்டு விடைக்குக் காத்துக் கிடக்க வேண்டும். இவர்கள் ஒரே கம்ப்யூட்டரைப் பல பேர் ஒரே சமயத்தில் பயன்படுத்த வழி செய்தார்கள், வரலாறு, இலக்கியம் படிக்கிற பிள்ளைகளும் தொட வேண்டும் என்று. அதற்கான நிரல்களை எழுதியதிலும் மாணவர்களுக்குப் பெரிய பங்கு. பதவியில் இருந்ததால்தான் அது அவ்வளவு சீக்கிரம் நடந்தது என்பது என் கணிப்பு.

அப்புறம் 1970 முதல் 1981 வரை கல்லூரிக்கே தலைவர். 1769இலிருந்து ஆண் பிள்ளைகளுக்காகவே நடந்த இடத்தில் 1972இல் பெண்களைச் சேர்த்தார், பழைய மாணவர்கள் பலர் முறுக்கிக்கொண்டார்கள். (தோட்டத்தில் நாம் இருந்தபோது, பொட்டப் பிள்ளையை எதுக்கு சார் இவ்வளவு படிக்க வைக்கிறீங்க என்று என்னைக் கேட்காத ஆள் உண்டா?) 1979இல் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்தை விசாரிக்கவும் அதிபர் கார்ட்டர் இவரைத்தான் தலைவராகப் போட்டார். இத்தனைக்கும் நடுவில் வகுப்பெடுப்பதை அவர் நிறுத்தவே இல்லை, பதவி முடிந்ததும் திரும்பவும் முழுநேர வாத்தியார்.

உன் பயத்திலும் ஞாயம் இருக்கிறது. நான் தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தபோது படிவம் நிரப்பியே பாதி நாள் போகும். ஆனால் ஆறாம் ஆண்டு கணக்கை மட்டும் யாருக்கும் தரவில்லை. எந்தப் பிள்ளைக்குப் பின்னம் ஏறவில்லை என்று தெரியாமல் என்ன தலைமை.

அதனால் முதலில் கேட்டுப் பார். முதலாண்டு வகுப்பு ஒன்று உன் பெயரிலேயே இருக்குமா, வாரத்தில் ஒரு முழு நாள் கூட்டமில்லாமல் ஆய்வுக்குக் கிடைக்குமா, இரண்டையும் எழுதித் தருவார்களா. தந்தால் எடு. தராவிட்டால் தாராளமாக வேண்டாம் என்று சொல், அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், அவள்தான் ஏற்கெனவே பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டாள்.

அப்பா