மரியாதை எந்த வண்டியில் வந்தது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு பதிப்பின் மோட்டார் பக்கத்தில், நிசான் நிறுவனம் தன் இன்ஃபினிட்டி சொகுசு பிராண்டை வைத்துக்கொள்ளலாமா, கைகழுவலாமா என்று வந்த கட்டுரையைப் படித்தேன். யொக்கோஹாமாவில் உட்கார்ந்து இயக்குநர்கள் முடிவு செய்யவேண்டிய விஷயத்தில் சுங்கை சிப்புட் பள்ளி வேன்காரனுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நடுவில் அந்த ஒரு வரி இல்லாதிருந்தால் எனக்கும் வேலை இல்லைதான். மலிவுக் கார் வாங்குகிறவர்களுக்கு விலை மட்டும்தான் கணக்கு, ஒரு நிறுவனத்துக்கு மரியாதை தேடித் தருவது அதன் சொகுசு பிராண்டே என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அவர் போகிற போக்கில் எழுதிவிட்டார். எனக்கு அது இன்னும் செரிக்கவில்லை.

நிசானுக்கு நம் மலேசியாவில் மரியாதை எப்படி வந்தது என்பது உங்களுக்குத் தெரியாததா? 70களில் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி வீட்டு வாசலில் நின்ற நிசானின் டட்சன் 120ஒய் கார் கொண்டுவந்தது. அப்புறம் வெனட் வேன் கொண்டுவந்தது. காய்கறி, மீன், கல்யாணப் பந்தல் சாமான், பள்ளிப் பிள்ளைகள் என்று எதை ஏற்றினாலும் முனகாத வண்டி. நான் ஓட்டிப் பிழைத்ததும் அதில்தான். எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கும்; அதைப் பார்க்க வேண்டுமென்றால் சீட்டைத் தூக்கவேண்டும். வெயில் நேரத்தில் முன்னால் உட்கார்ந்த பையன் சூடு தாங்காமல் தொடையை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டே வருவான். மழைக்காலத்தில் செம்பனைக் காட்டுச் சேறு தள்ளுகதவில் அப்பி, கதவு பாதியில் நின்றுவிடும். ஆறாம் ஆண்டுப் பையன் ஒருவன் இறங்கி ஓர் உதை விட்டால்தான் திறக்கும். ஆனாலும் பரீட்சை நாளில் ஒரு பிள்ளையையும் அது நடுவழியில் இறக்கிவிட்டதில்லை.

அதை வாங்கும்போது நாங்கள் விலை மட்டுமா பார்த்தோம்? ஊர்ப் பட்டறையில் பழுது பார்க்க ஆள் உண்டா, ஸ்பேர் பார்ட்ஸ் ஈப்போவிலாவது கிடைக்குமா, நாளைக்கு விற்றால் நாலு காசு தேறுமா, ஒரு மாதம் தவணை தவறினால் என்ன ஆகும் என்று குடும்பமே கூடிப் பேசித்தான் வாங்கினோம். பணம் மிதமிஞ்சிக் கிடப்பவர் சொகுசுக் கார் வாங்கும்போது இதில் பாதியாவது யோசிப்பாரா என்பது சந்தேகம்.

கட்டுரையாளர் மரியாதை என்கிறார். இந்தச் சொகுசு பிராண்டுகள் பிறந்ததே கணக்கில்தான். ஜப்பான் அமெரிக்காவுக்கு அனுப்பும் கார்களின் எண்ணிக்கைக்கு 1981இல் ஒரு வரம்பு வந்தது. எண்ணிக்கையைக் கூட்ட முடியாவிட்டால் ஒவ்வொரு காரிலும் லாபத்தைக் கூட்டு என்று ஜப்பான்காரர்கள் சொகுசுக் கார் பக்கம் ஏறினார்கள். ஹோண்டா 1986இல் அக்கியூரா, டொயோட்டா 1989இல் லெக்சஸ், அதே ஆண்டு நிசானின் இன்ஃபினிட்டி. இன்ஃபினிட்டியின் முதல் விளம்பரங்களில் காரையே காட்டவில்லை. பாறையும் மரமும் தண்ணீரும்தான் காட்டினார்கள். மரம் பார்க்க எங்கள் தோட்டத்துக்கு வந்திருந்தால் செலவு மிச்சமாகியிருக்கும்.

லெக்சஸ் தன் காலில் நிற்கிறது, அதை நான் மறுக்கவில்லை. இன்ஃபினிட்டி? 2012இல் தலைமையகத்தை ஹாங்காங்குக்குக் கொண்டுபோனார்கள், 2020இல் திரும்ப யொக்கோஹாமாவுக்கே கொண்டுவந்தார்கள். அதே 2020இல் மேற்கு ஐரோப்பாவை விட்டும் வெளியேறினார்கள். அமெரிக்காவில் 2017இல் ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்ற பெயர், 2024இல் 60 ஆயிரத்தைக்கூடத் தொடவில்லை. இன்னொரு பக்கம், 2025 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் நிசானுக்கு 670 பில்லியன் யென்னுக்கு மேல் நட்டம். 20 ஆயிரம் பேரைக் குறைக்கப் போகிறார்கள், 17 ஆலைகளை 10 ஆக்கப் போகிறார்கள். இதெல்லாம் உங்கள் கட்டுரையில் ஒரே பத்தி. மிச்சமெல்லாம் பிராண்டின் கௌரவம். தோட்டம் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோதும் பத்திரிகைகளில் இப்படித்தான் வந்தது, ஆசிரியர் ஐயா. கம்பெனிக்கு என்ன கிடைக்கும் என்று மூன்று பத்தி, லயத்து வீடுகளில் இருந்த தொழிலாளர்கள் எங்கே போவார்கள் என்று கடைசியில் ஒரு வரி.

கௌரவத்துக்கு யார் காசு கட்டுகிறார்கள் என்பது மலேசியர்களுக்குத் தெரியும். நம் தேசியக் கார் நிறுவனமான புரோட்டோன் 1996இல் இங்கிலாந்தின் லோட்டஸ் ஸ்போர்ட்ஸ் கார் நிறுவனத்தை வாங்கியபோது நாமும் கைதட்டினோம். 2004இல் 70 மில்லியன் யூரோவுக்கு இத்தாலியின் எம்.வி. அகுஸ்தா மோட்டார் சைக்கிள் நிறுவனத்தில் பெரும்பங்கு வாங்கினார்கள். அடுத்த ஆண்டே அதை ஒரு யூரோவுக்குக் கொடுத்தார்கள். ஆமாம், ஒரே ஒரு யூரோ. எங்கள் ஊர் ஒட்டுக்கடையில் அந்தக் காசுக்கு வயிறு நிறையச் சாப்பிட முடியாது. 2017இல் லோட்டஸும் கைமாறிப் போனது. வெளிநாட்டுக் காருக்கு வரி ஏற்றிவைத்த அந்தக் காலமெல்லாம் புரோட்டோனின் சாகா வாங்கியவனும் விரா வாங்கியவனும்தான் அந்தப் பெருமைக்கு மாதாமாதம் தவணை கட்டினார்கள். அவர்களுக்கு விலை மட்டும்தான் தெரியுமாம்!

சரி, சொகுசு பிராண்டே இல்லாத நம் இன்னொரு கார் நிறுவனமான பெரோடுவாவின் கதை என்ன? 2024இல் அது விற்றது 3 லட்சத்து 58 ஆயிரம் கார். அதன் மைவி கார் ஓட்டுகிற யாரையாவது நிறுத்தி, உங்கள் கம்பெனிக்கு மரியாதை இல்லை என்று சொல்லிப் பாருங்கள். நான் பக்கத்தில் இருக்க மாட்டேன்.

என் மகன் முதல் சம்பளம் வாங்கியபின், ஈப்போவில் ஒரு சொகுசுக் கார் ஷோரூமுக்குச் சும்மா பார்க்கக் கூட்டிப்போனான். வாசலில் நின்ற பையன் என் செருப்பைப் பார்த்துவிட்டு, சர்வீஸ் கவுண்டர் பின்பக்கம் என்றான். உள்ளே ஒரு வாடிக்கையாளரும் இல்லை. கட்டுரையாளர் சொல்லும் மரியாதை அங்கே எந்த அலமாரியில் இருந்தது என்று நாங்கள் தேடிப்பார்க்கவில்லை, திரும்பி வந்துவிட்டோம்.

இதோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சுங்கை சிப்புட் என்றால் உங்கள் பத்திரிகைக்கு 1948இல் தோட்டத்து வெள்ளைக்காரர்கள் சுடப்பட்டதும், தேர்தலும்தான் ஞாபகம் வரும். எங்கள் தோட்டப் பாதையின் பள்ளம் பற்றி நான் எழுதிய கடிதத்தைப் பாதியாக வெட்டி, பள்ளத்தை விட்டுவிட்டு வாழ்த்தை மட்டும் போட்டீர்கள். பள்ளம் அப்படியே இருக்கிறது. வேன் பெர்மிட் விதிமுறை மாறினால் நாங்கள் மலாய்ப் பத்திரிகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம். தாத்தா காலத்திலிருந்து தமிழ்ப் பத்திரிகை வாங்கும் வீடு இது, அதனால் கேட்க உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

இன்ஃபினிட்டியை நிசான் வைத்துக்கொள்ளட்டும், விடட்டும். வைத்துக்கொண்டால் லெக்சஸ் மாதிரி அது தன் சோற்றைத் தானே சம்பாதிக்கட்டும். உங்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம். மோட்டார் பக்கத்தில் வாரம் ஒரு கால் பக்கம் பழைய வண்டிக்காரர்களுக்கு ஒதுக்குங்கள். புஸ்பாகோம் வாகனச் சோதனைக்கு எதையெல்லாம் சரிபார்த்துக்கொண்டு போகவேண்டும், எந்தச் சாமான் எங்கே கிடைக்கும், பாதியாக வெட்டி ஜப்பானிலிருந்து வரும் பழைய கார், அதாவது ஹாஃப் கட், வாங்கும்போது எதில் ஏமாறக்கூடாது என்று போட்டால் போதும். இடமில்லை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அந்தக் கட்டுரையோடு வந்த கார் படமே அரைப் பக்கம் இருந்தது.

இப்படிக்கு,
விலை மட்டுமே தெரிந்த வாசகன்,
சுங்கை சிப்புட், பேராக்.