ஏபி மேத்ஸை விடுவதற்கு முன்

சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பா,

ஏபி மேத்ஸை, அந்தக் கூடுதல் கணக்குப் பாடத்தை, விடுவதற்கு நீ அனுப்பிய படிவம் வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டேன், அதனால் அம்மா மடக்கப் பார்க்கிறாள் என்று நினைக்காமல் மேலே படி. அதை விட்டால் உன் பன்னிரண்டாம் வகுப்பு மெட்ரிக் தேர்வுக்கு ஒரு குறையும் வராது. மெட்ரிக்கின் ஏழு பாடங்களில் அது சேராது, ஐஇபி தேர்வு வாரியம் தனியாக நடத்துகிற பாடம். இன்ஜினியரிங்குக்கு முக்கியமாகப் பார்ப்பது சாதாரண மேத்ஸையும் பிசிக்கல் சயின்ஸையும்தான். ஏபி இல்லாவிட்டால் சீட்டே கிடைக்காது என்று பக்கத்து வீட்டு ஆன்ட்டி பயமுறுத்துவதை நீ காதில் போட்டுக்கொள்ளாதே. அவர்கள் பையன் எடுத்திருக்கிறான், அவ்வளவுதான்.

அப்புறம் எதற்கு அந்தப் பாடம் என்று கேட்பாய். பள்ளி மேத்ஸில் கால்குலஸ் சீக்கிரமே நின்றுவிடும். முதல் கோட்பாட்டிலிருந்து வகையிடுவது, அடுக்கு விதி, முப்படி வரைபடம், பெருமம் சிறுமம், அத்தோடு சரி. செயின் ரூல் இல்லை, தொகையிடல் இல்லை, கலப்பெண் இல்லை. பல்கலைக்கழகத்தில் முதலாண்டிலேயே இவை எல்லாம் வந்து நிற்கும். அப்போது முதல்முறையாகப் பார்ப்பவனுக்கும் ஏற்கெனவே ஒருமுறை திண்டாடிப் பார்த்தவளுக்கும் வித்தியாசம் உண்டு.

மதுரையில் நான் பிளஸ் டூ படித்தபோது கணக்குப் பிரிவில் இருந்த எல்லாருக்குமே இவை பாடம். பத்து மார்க் கேள்விகளைப் படி பிசகாமல் ஒப்பித்து எழுதுவோம். உங்கள் தாளில் அந்த வித்தை பலிக்காது, அது நல்லதுதான். அப்பா இங்கே பழைய மெட்ரிக்கில் கணக்கைக் கடினமான ஹையர் கிரேடு நிலையில் எழுதியவர். அவருக்கு ஜியாமெட்ரி ரைடர், அதாவது தேற்றங்களை வைத்து நிறுவுகிற கணக்கு, என்றால் இன்னும் சோறு வேண்டாம். 2008இல் ஹையர் கிரேடு, ஸ்டாண்டர்டு கிரேடு இரண்டும் போய், ஜியாமெட்ரியை விருப்பத் தாளில் தள்ளியபோது அவர் புலம்பிய புலம்பல்! 2014இல் எல்லாரும் எழுத வேண்டிய தாளுக்கு அது திரும்பி வந்த பிறகுதான் அடங்கினார்.

சரி, உன் விடைத்தாளுக்கு வருகிறேன். "கால்குலஸ் வரவில்லை" என்று எழுதியிருந்தாய். நீ அனுப்பிய விடைத்தாள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வகையிட்டதெல்லாம் சரி. மார்க் போனது அதற்கு அடுத்த வரிகளில்: அடைப்புக்குறியைப் பிரிக்கும்போது மைனஸை விட்டிருக்கிறாய், பின்னத்தில் கூட்டலுக்கு நடுவே அடித்துச் சுருக்கியிருக்கிறாய். இத்தனை வருடம் பாடம் நடத்தியதில் நான் பார்த்தது இதுதான், கால்குலஸில் விழுகிறவர்களில் பாதிப் பேர் அல்ஜீப்ராவில்தான் விழுகிறார்கள். அதற்குப் பாடத்தை விடுவது மருந்தில்லை. விட்டாலும் அந்த மைனஸ் சாதாரண மேத்ஸில் உன்னைத் தேடிக்கொண்டு வரும்.

இன்னொன்று. "இண்டக்‌ஷன் எதற்கென்றே தெரியவில்லை" என்றாயே, இதைச் செய்து பார். எக்ஸ் ஸ்கொயர் வளைகோட்டுக்குக் கீழே 0 முதல் 1 வரை உள்ள பரப்பு வேண்டும். அதைச் சம அகலமுள்ள 10 செவ்வகங்களாக வெட்டு, ஒவ்வொன்றுக்கும் வலது ஓரத்து உயரத்தை எடு. மொத்தம் 0.385 வரும். 100 செவ்வகம் என்றால் 0.33835. ஆயிரத்துக்கும் லட்சத்துக்கும் உட்கார்ந்து கூட்ட முடியாது. செவ்வகங்களின் எண்ணிக்கை என் (n) என்று வைத்துக்கொள். அங்கேதான் 1 முதல் n வரையிலான எண்களின் வர்க்கங்களின் கூட்டுத்தொகைக்கு ஒரு சூத்திரம் தேவைப்படுகிறது: n, n கூட்டல் 1, 2n கூட்டல் 1, இந்த மூன்றையும் பெருக்கி 6ஆல் வகுப்பது. அந்தச் சூத்திரம் எல்லா எண்ணுக்கும் பொருந்தும் என்று உறுதி தருவது நீ திட்டுகிற இண்டக்‌ஷன். அந்தக் கூட்டுத்தொகையை n-இன் கனத்தால் வகுத்தால் செவ்வகங்களின் மொத்தப் பரப்பு வரும்; n-ஐப் பெரிதாக்கிக்கொண்டே போனால் எல்லை சரியாக மூன்றில் ஒன்று. புத்தகத்தில் இண்டக்‌ஷன் ஓர் அத்தியாயம், எல்லை வேறொன்று, பரப்பு கடைசியில் எங்கோ. தனித்தனியாகப் பார்த்தால் எனக்கும்தான் அலுக்கும்.

நான் சொல்வது இவ்வளவுதான். ஜூன் தேர்வுவரை இரு. அதுவரை புது அத்தியாயம் எதையும் தொடாதே, தினமும் அரைமணி நேரம் அல்ஜீப்ரா மட்டும் போடு, கால்குலேட்டரை டிராயரில் வைத்துவிடு. அதற்குப் பிறகும் ஏபி உன் பிசிக்கல் சயின்ஸ் நேரத்தைத் தின்கிறது என்றால் படிவத்தை நீயே கொண்டுபோய்க் கொடுத்துவிடு, நானோ அப்பாவோ ஒரு வார்த்தை கேட்கமாட்டோம். தொடர்வதாக இருந்தால், விருப்பப் பகுதியில் தோழிகள் எல்லாரும் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுக்கிறார்கள் என்று நீயும் எடுக்காதே. மேட்ரிக்ஸும் கிராஃப் தியரியும் உனக்குப் பிடிக்கும். கம்ப்யூட்டர் பக்கம் போனாலும் உதவும். உன் பள்ளியில் அதை நடத்த ஆள் இருக்கிறார்களா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இப்போதே குளிர் தொடங்கியிருக்கும். நீல ஸ்வெட்டர் இங்கேதான் கிடக்கிறது, வெள்ளிக்கிழமை அப்பாவிடம் கொடுத்துவிடுகிறேன். அந்த விடைத்தாளையும் அவரிடம் கொடுத்து அனுப்பு, இரண்டாம் பக்கம் படத்தில் மங்கலாக இருக்கிறது.

அன்புடன்,
அம்மா